சூப்பர் ரிவெர்ப் ஆம்பின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள்: எதை எடுத்து எதைப் போடுவது?

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஃபெண்டர் சூப்பர் ரிவெர்ப் என்ற கிதார் ஆம்ப், ஏபி763 சுற்று. 1963 முதல் 1967 வரை வந்த கறுப்பு முகப்புக் காலத்து ஆம்ப். இரண்டு 6எல்6ஜிசி பவர் வால்வு, ஏசியை டிசியாக மாற்றும் ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு, நான்கு 10 அங்குல ஸ்பீக்கர், சுமார் 40 வாட். மின்வழங்கியின் அலைவை வடிகட்டத் தொழிற்சாலையில் போட்ட எலெக்ட்ரோலிட்டிக் (உள்ளே திரவம் கொண்ட) கெப்பாசிட்டர்கள் இன்றுவரை மாற்றப்படாத ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மாற்றப்பட்டதா இல்லையா என்று உறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 235 என்று தொடங்கும் எண் இருந்தால் அது மாலோரி தயாரிப்பு. அடுத்து வருபவை ஆண்டும் வாரமும். 235-6612 என்றால் 1966ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். அந்தத் தேதி ஆம்பின் வயதோடு ஒத்துப்போனால் உள்ளே இருப்பது ஒரிஜினல்தான்.

இந்த நிலையில் உள்ள ஆம்ப் காட்டும் குறிகள் மூன்று. வால்யூமைச் சுழியத்தில் வைத்தாலும் ஸ்பீக்கரில் ஒரு உறுமல். அடித்தந்தியை ஓங்கி அடித்தால் சத்தம் ஒரு கணம் உள்வாங்கித் திரும்பி வருவது. மூன்றாவதுதான் உறுதியான அடையாளம்: மேல் ஃப்ரெட்டில் ஒரு நோட்டை இழுத்துப் பிடித்தால், அதற்கு அடியில் சுருதிக்கு ஒட்டாத இன்னொரு மெல்லிய ஒலி கூடவே ஓடும். மின்வழங்கியில் வடிகட்டப்படாமல் மிஞ்சிய 120 ஹெர்ட்ஸ் அலைவு, அதாவது ரிப்பிள், நோட்டோடு கலந்து பிறப்பிக்கும் அபசுரம் அது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் அந்த ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரையும் வால்வையும் மாற்றிப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

உறுமலின் சுருதியையும் கவனிக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங் என்று உடனே முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் இந்த ஆம்பில் பயாஸ் (பவர் வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் எதிர்மறை வோல்டேஜ்) மின்வழங்கி ஒரே ஒரு டயோடு கொண்ட அரை அலை ரெக்டிஃபையர். அதன் கெப்பாசிட்டர் காய்ந்துபோனாலும் 60 ஹெர்ட்ஸ் உறுமல்தான் வரும். ஜோடி பொருந்திய பவர் வால்வுகள் இருந்தால் அந்த உறுமல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பெருமளவு ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால் பழுது நெடுநாள் ஒளிந்திருந்து, புது வால்வு போட்ட அன்றைக்குத் திடீரென்று வெளிப்படும். பழி வால்வின் மேல் விழும்.

மீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் அளந்து “இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்பவர்களும் உண்டு. கையடக்க மீட்டர் ஓரிரு வோல்ட் கொடுத்து அளக்கிறது. கெப்பாசிட்டர் வாழ்வதோ நானூறு வோல்ட்டுக்கு மேல். அந்த அழுத்தத்தில் எவ்வளவு லீக்கேஜ் (கசியும் கரண்ட்) ஓடுகிறது என்பது மீட்டருக்குத் தெரியாது. 70 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்த பழைய கெப்பாசிட்டர் மீட்டரில் 90 காட்டுவதும் உண்டு. அதைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. பழைய எலெக்ட்ரோலிட்டிக்குகளின் மேல்வரம்பு பிறக்கும்போதே, அச்சடித்த மதிப்பைவிட 50 சதவீதம் வரை கூடலாம் என்று தளர்வாக இருந்தது. போதாததற்கு லீக்கேஜே சில மீட்டர்களை ஏமாற்றி அதிகமாகக் காட்டவைக்கும்.

திறப்பதற்கு முன் ஒன்று. இந்த மின்வழங்கியில் மொத்தம் சுமார் 95 மைக்ரோஃபாரட் 450 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. ஏறக்குறைய 10 ஜூல். இதயத்தை நிறுத்த அது போதும். பிளக்கைப் பிடுங்கியபின் இந்த மின்னூட்டத்தை இறக்கிவிட ஆம்பிலேயே இரண்டு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் உள்ளன. ஆனால் அறுபது ஆண்டு ஆன கார்பன் ரெசிஸ்டரை நம்பிக் கை வைக்கக்கூடாது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இருபுறமும் கிளிப் மாட்டி, ஒரு நுனியைச் சேஸிஸிலும் (ஆம்பின் உலோகச் சட்டம்) மறுநுனியை ஃபில்டர் முனையிலும் பத்து விநாடி பிடித்தால் இறங்கிவிடும். பிறகு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் காலியான கெப்பாசிட்டரில் கொஞ்சம் வோல்ட் தானாகவே திரும்ப ஊறும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் அடிக்கும் பழக்கம் முனையைப் பொசுக்கும், கெப்பாசிட்டரின் உள்ளிணைப்பையும் கெடுக்கும்.

தகர மூடிக்குள் இருப்பவை

சேஸிஸில் வால்வுகள் இருக்கும் பக்கத்தில் ஒரு தகர மூடி இருக்கும். அமெரிக்க டெக்னீஷியன்கள் அதை டாக்ஹவுஸ் என்பார்கள், நாய்க்கூடு. அதற்குள் ஐந்து கெப்பாசிட்டர்கள். இரண்டு பெரியவை, ஒவ்வொன்றும் 70 மைக்ரோஃபாரட், 350 வோல்ட். இவை தொடராக இணைக்கப்பட்டவை. ஆகவே இரண்டும் சேர்ந்து 35 மைக்ரோஃபாரட், 700 வோல்ட் தாங்கும் ஒற்றைக் கெப்பாசிட்டர்போல நடக்கும். ரெக்டிஃபையரை அடுத்து நிற்கும் முதல் தொட்டி இதுவே. மீதி மூன்றும் 20 மைக்ரோஃபாரட், 500 அல்லது 525 வோல்ட். சோக் என்ற கம்பிச்சுருளைத் தாண்டி பவர் வால்வின் ஸ்கிரீன் முனைக்கு ஒன்று, 1 கிலோ ஓம் தாண்டி ஒன்று, 4.7 கிலோ ஓம் தாண்டி ப்ரீஆம்ப்புக்கு ஒன்று.

மூன்று சின்னவற்றின் கதை எளிது. 22 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் எடுத்துப் போட்டால் போதும். 20க்கும் 22க்கும் உள்ள வித்தியாசம் பழைய கெப்பாசிட்டரின் தயாரிப்புத் தளர்வுக்குள்ளேயே அடங்கிவிடும். கடைசிக் கட்டத்தில் 4.7 கிலோ ஓமும் 22 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 120 ஹெர்ட்ஸ் ரிப்பிளை ஏறக்குறைய 78இல் ஒரு பங்காகக் குறைக்கின்றன. அங்கே 47 போடுவதால் காதுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 450 வோல்ட் கெப்பாசிட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த இடங்களில் போடுவதுதான் ஆபத்து. சர்க்யூட் படத்தில் பவர் வால்வின் பிளேட் முனை அழுத்தம் 460 வோல்ட். ஸ்கிரீன் முனை அதைவிடச் சிறிதே குறைவு. படம் வரைந்த காலத்துச் சுவர் மின்சாரம் 117 வோல்ட். இன்று அமெரிக்க வீடுகளில் 120க்கு மேல் வருவது சாதாரணம். 123 வோல்ட் வந்தால் அந்த 460 தானாகவே சுமார் 484 ஆகிவிடும்.

அங்கேயும் கதை முடியவில்லை. ஜிஇசட்34 மெல்லச் சூடேறும் வால்வு. பவர் வால்வுகள் கரண்ட் இழுக்கத் தொடங்கும் நேரத்தை ஒட்டியே அதுவும் வோல்டேஜைக் கொடுக்கத் தொடங்கும். அதற்குப் பதில் அதே சாக்கெட்டில் செருகும் சிலிக்கன் டயோடு மாற்றைப் போட்டால், வால்வு ஒன்றும் சூடாகாத அந்த முதல் விநாடிகளில் கெப்பாசிட்டர்களின் மேல் சுமையில்லா உச்ச அழுத்தம் ஏறி நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கத்துக்கு 360 வோல்ட் கொடுத்தால் உச்சம் 509. அந்த நிலையில் 500 வோல்ட் கெப்பாசிட்டரும் எல்லையைத் தாண்டிவிட்டது. வால்வ் ரெக்டிஃபையரை விட்டுவிடாமல் இருப்பதற்கு ஒலியைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

70 மைக்ரோஃபாரடுக்கு எது ஈடு?

கஷ்டமான தேர்வு பெரிய ஜோடியில்தான். 70 என்ற மதிப்பு இப்போது கடையில் எளிதில் கிடைப்பதில்லை. கண்ணில் படுபவை 68, 80, 100. “பெரிதாகப் போட்டால் பேஸ் இறுகும்” என்று 220 வரை போகச் சொல்லும் யோசனைகளும் உலவுகின்றன. தீர்ப்பைச் சொல்ல வேண்டியது ரெக்டிஃபையர் வால்வு. ஜிஇசட்34 டேட்டாஷீட் தன் பின்னால் நிற்கும் முதல் கெப்பாசிட்டருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 60 மைக்ரோஃபாரட். தொட்டி பெரிதாக ஆக, அதை நிரப்ப ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் வால்வு வழியே குறுகிய, உயர்ந்த கரண்ட் துடிப்பு பாய வேண்டியிருக்கும். வரம்பை மீறினால் வால்வுக்குள்ளே தீப்பொறி பாயும், ஃப்யூஸ் போகும். சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரும் கூடப் போகும்.

இப்போது கணக்கு. 68 ஜோடி 34 தரும், 80 ஜோடி 40 தரும், 100 ஜோடி 50 தரும். 50 என்பது 60க்குள் வசதியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் நவீன கெப்பாசிட்டரின் தளர்வு கூடக் குறைய 20 சதவீதம். 100 என்று அச்சிட்ட இரண்டும் மேல்நுனியில் இருந்தால் மொத்தம் சரியாக 60. அதாவது 100 ஜோடி வரம்புக்குள் இருக்கிறது, ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அதற்கு மேல் இடமில்லை. 150, 220 பேச்சுக்கே இடமில்லை. யாராவது ஜிஇசட்34ஐ எடுத்துவிட்டு 5யூ4ஜிபி என்ற வேறு ரெக்டிஃபையர் வால்வைப் போட்டிருந்தால் கணக்கே மாறும். அதன் டேட்டாஷீட் 40 மைக்ரோஃபாரட் தொட்டியை வைத்தே எழுதப்பட்டது. அங்கே 80 ஜோடியே எல்லை. அது 5 வோல்ட் ஹீட்டரில் 1.9 ஆம்பியருக்குப் பதில் 3 ஆம்பியர் கேட்பது தனிப் பிரச்சினை.

ஆகவே 60 ஹெர்ட்ஸ் நாட்டில் ஓடும் ஒரிஜினல் ஆம்புக்கு 80 ஜோடி. பழைய கெப்பாசிட்டர்கள் புதிதாக இருந்தபோது உண்மையில் கொடுத்ததற்கு இதுதான் மிக அருகில். 50 ஹெர்ட்ஸ் நாட்டில், ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டும் ஆம்புக்கு 100 ஜோடியில் நியாயம் இருக்கிறது. ஒரு நிரப்பலுக்கும் அடுத்த நிரப்பலுக்கும் இடைவெளி நீளுவதால் அதே கரண்டில் ரிப்பிள் 20 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதலைச் சமன் செய்ய 100 போதும். இறுகிய பேஸ் வேண்டும் என்பவருக்கு ஒரு பதில்தான் உண்டு: சூப்பர் ரிவெர்ப்பை வாங்குவதே அந்த லேசான உள்வாங்கலுக்காக. அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது கனமான ஒரு பெட்டி.

அழுத்த மதிப்பில் 350 வோல்ட் போதும். ஒவ்வொன்றின் மேலும் நிற்பது மொத்தத்தில் பாதி, சுமார் 230 முதல் 240 வரை. 450 வோல்ட் வகை கிடைத்து, இடமும் இருந்தால் போடலாம், நஷ்டமில்லை.

கவனிக்கப்படாத இரண்டு ரெசிஸ்டர்

இந்த வேலையில் பெரும்பாலான தவறு நடக்கும் இடம் இது. தொடராக நிற்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் மொத்த அழுத்தத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. லீக்கேஜ் குறைவாக உள்ளதன் மேல் அதிக வோல்ட் போய் உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர். ஒவ்வொன்றிலும் சுமார் 1 மில்லிஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டின் லீக்கேஜ் வித்தியாசத்தை 220 கிலோ ஓமால் பெருக்கினால் இரண்டின் மேலும் நிற்கும் வோல்ட் வித்தியாசம் கிடைத்துவிடும்.

பல டேட்டாஷீட்கள் அனுமதிக்கும் லீக்கேஜ் வரம்பு: மைக்ரோஃபாரடையும் வோல்ட்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மூன்றால் பெருக்கு. விடை மைக்ரோஆம்பியரில் வரும். 100 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் கெப்பாசிட்டருக்கு அது சுமார் 561. ஒன்று வரம்பு வரைக்கும் கசிந்து, மற்றது கசியவே இல்லை என்ற மிக மோசமான நிலையை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 123 வோல்ட். 460ஐ அந்தக் கணக்கில் பிரித்தால் ஒன்றின் மேல் 291, மற்றதன் மேல் 169. இரண்டும் 350க்குள். புதுக் கெப்பாசிட்டர்களும் நல்ல 220 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் இருக்கும்வரை கவலையில்லை.

இதையே பழைய கெப்பாசிட்டர் ஒன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். பழையது 1 மில்லிஆம்பியர் கசிந்தால் வித்தியாசம் 220 வோல்ட். புதியதன் மேல் 340, பழையதன் மேல் 120. சுவர் மின்சாரம் கொஞ்சம் ஏறினாலே புதுக் கெப்பாசிட்டர் 350ஐத் தாண்டும். “நேற்று போட்ட புதுசு வெடித்துவிட்டது, கம்பெனி சரியில்லை” என்ற புகாரின் பின்னணி பல நேரம் இதுவே. ஜோடியில் ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே மதிப்பு, முடிந்தால் ஒரே தொகுப்பிலிருந்து.

ரெசிஸ்டரும் சேர்ந்தே மாற வேண்டும். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பில் ஏறும். ஒன்று 220இலேயே நின்று மற்றது 400க்கு ஏறியிருந்தால், கெப்பாசிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பங்கீடு 297க்கு 163. இரண்டு 220 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் சில ரூபாய்க்கு வரும். அதைப் பழையதாகவே விட்டுவிட்டு விலை உயர்ந்த கெப்பாசிட்டர் மட்டும் போடுவது பாதி வேலை. 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் இரண்டையும் அப்போதே அளந்து, 20 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றிவிடலாம்.

ஆக்சியலா, ரேடியலா?

டாக்ஹவுஸ் போர்டு இரு நுனியிலும் கம்பி உள்ள ஆக்சியல் வகைக்காகச் செய்தது. ஜெர்மனியின் எஃப் அண்ட் டி, ஸ்ப்ரேக் ஆட்டம் போன்றவை அந்த வடிவில் கிடைக்கின்றன, விலை கூடுதல். ஒரே பக்கம் இரு கால் உள்ள ரேடியல் வகையில் நிச்சிகான், பானாசோனிக், ரூபிகான் எல்லாம் 105 டிகிரி தரத்தில், பாதி விலைக்குக் கிடைக்கும். எண்களை மட்டும் பார்த்தால் ரேடியல்தான் உசத்தி: 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்ற கணக்கில் 105 டிகிரி வகை 85 டிகிரி வகையை எளிதில் முந்தும்.

இருந்தும் சூப்பர் ரிவெர்ப்புக்கு ஆக்சியலே சரி என்பது எங்கள் கருத்து. இது நான்கு ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் குலுங்கும் ஆம்ப். ரேடியலின் ஒரு காலை வளைத்து, மறு காலுக்குக் கம்பி ஒட்டி நீட்டி, உடலைக் காற்றில் தொங்கவிட்டால், நாளடைவில் கால் வேரில் முறியும். ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக ஹெட் வடிவில் இருக்கும் ஆம்ப் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். போர்டில் சாலிடர் செய்வதற்கான தடித்த குட்டைக்கால் கொண்ட ஸ்னாப்-இன் வகையை இங்கே தொடவே வேண்டாம்.

இன்றைய கெப்பாசிட்டர் பழையதைவிட மெலிந்தது, இடத்தில் ஆடும். சிலிகான் பசை ஒரு பொட்டு வைத்துப் பிடிக்கவைக்கலாம். ஆனால் புளித்த வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நடுநிலை வகை என்று எழுதியதே வேண்டும். கெப்பாசிட்டரின் நுனியில் உள்ள ரப்பர் அடைப்பைப் பசையால் மூடிவிடக்கூடாது.

புத்தம்புதிய பழைய சரக்கு என்று 1960களின் கெப்பாசிட்டரை டப்பாவோடு விற்பவர்கள் இருக்கிறார்கள். வால்வில் அந்தப் பேச்சு செல்லும், எலெக்ட்ரோலிட்டிக்கில் செல்லாது. அலமாரியில் கிடந்தாலும் உள்ளிருக்கும் திரவம் வற்றும், ஆக்சைடு படலம் மெலியும்.

சின்னவை

பயாஸ் கெப்பாசிட்டரில் இரண்டு விஷயம். ஒன்று, இந்தச் சுற்றில் பயாஸ் சுமார் மைனஸ் 52 வோல்ட். 50 வோல்ட் மதிப்பில் வந்த பழைய கெப்பாசிட்டருக்கு அங்கே மூச்சுவிடவே இடமில்லை. 100 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் போட வேண்டும். இரண்டு, இது எதிர்மறை மின்வழங்கி. பாசிட்டிவ் கால் சேஸிஸுக்குப் போகும். மற்ற எல்லாவற்றுக்கும் நெகடிவ் சேஸிஸ் என்று பழகிய கை இங்கே தவறிவிடும். தலைகீழாகப் போட்டால் கெப்பாசிட்டர் கசிந்து பயாஸ் வோல்டேஜை விழுங்கும். பவர் வால்வின் பிளேட் சிவந்து பழுக்கும். கவனிக்காமல் விட்டால் வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

உள்போர்டில் வால்வுகளின் கேதோடுகளுக்கு நிற்பவை 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். பெரும்பாலானவற்றின் மேல் ஓரிரு வோல்ட்தான், ரிவெர்ப் டிரைவரில் எட்டு வோல்ட்டுக்கு மேல். 22 போடலாமா என்று தயங்க வேண்டாம். கேதோடில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் வால்வுக் கட்டத்தில் 25 மைக்ரோஃபாரடின் வெட்டு அதிர்வெண் சுமார் 8 ஹெர்ட்ஸ், 22இல் சுமார் 9. கிதாரின் கடைசித் தந்தி 82 ஹெர்ட்ஸ். அதே போர்டில் உள்ள நீல உருளைகள் ஃபிலிம் கெப்பாசிட்டர்கள். அவற்றுக்கு வற்றுவதற்குத் திரவம் எதுவும் இல்லை. டிசி கசிந்தாலொழிய அவற்றில் கை வைக்கக்கூடாது. “எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்” என்ற பெருமையில் ஆம்பின் குரலையும் விற்பனை விலையையும் சேர்த்துத் தொலைத்தவர்கள் உண்டு.

போட்டபின் ஏற்றுவது

கழற்றும் முன் எல்லாக் கம்பியையும் படம் எடுத்து வைத்து, கிரவுண்டுகள் எங்கிருந்ததோ அங்கேயே திரும்ப ஒட்ட வேண்டும். வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் குவித்தால், இல்லாத உறுமல் ஒன்று புதிதாக வரலாம். தொடர் ஜோடியில் ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகடிவோடு சேர வேண்டும். இரண்டாவது முறை கண்ணால் பார்த்தபின்தான் மூடி.

முதல் மின்சாரம் சீரிஸ் லாம்ப் வழியாக, அதாவது ஆம்போடு தொடராக மாட்டிய 100 வாட் இழை பல்ப் வழியாக. பவர் வால்வுகளை எடுத்துவிட்டு ஏற்ற வேண்டும். பல்ப் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் சரி. பளிச்சென்று நின்றால் எங்கோ ஷார்ட். வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல ஏற்றி கெப்பாசிட்டரைப் பழக்குவதாக நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: குறைந்த வோல்டேஜில் ஜிஇசட்34 ஹீட்டர் சூடாகாது, ஆகவே கெப்பாசிட்டருக்கு ஒன்றுமே போய்ச் சேராது. பாதிக்கு மேல் திருப்பியபின் திடீரென்று எல்லாம் வந்து விழும். உண்மையிலேயே மெல்ல ஏற்ற வேண்டுமானால் அந்த நேரத்துக்கு மட்டும் சிலிக்கன் செருகியைப் போட்டுக்கொள்ளலாம். பவர் வால்வுகள் இல்லாத அந்த நிலையில் 500 வோல்ட்டுக்கு வெகு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

மீட்டரில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் நடுமுனை. மொத்தத்தில் பாதிக்கு இருபுறமும் 10, 15 வோல்ட் விலகல் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ரெசிஸ்டரையோ லீக்கேஜையோ தேட வேண்டும். அடுத்து பயாஸ் முனையில் மைனஸ் வோல்ட் நிற்கிறதா என்று பார்த்தபின்தான் 6எல்6ஜிசிகளைச் செருக வேண்டும். பயாஸையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மின்வழங்கி திடமானதால் பழைய நிலை பொருந்தாது.

ஸ்பீக்கர் மாட்டியே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நடுமுனையை மறுபடி அளக்க வேண்டும். புதுக் கெப்பாசிட்டர்களின் லீக்கேஜ் முதல் சில நிமிடங்களில் இறங்குவதால் எண் நடுவை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். விலகிக்கொண்டே போனால் அந்த ஜோடியைக் கழற்றிவிட வேண்டும். எடுத்த பழைய கெப்பாசிட்டர்களை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, கேபினெட்டுக்குள் ஒட்டிவைப்பது வழக்கம். பின்னாளில் வாங்குபவர் 235 எண்களைத்தான் முதலில் கேட்பார்.